கோணல் கை

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நேற்று தொழிற்சாலையில் என் மானம் காற்றில் பறந்தது. காரணம், தலைக்குத் தடவுகிற எண்ணெய்.

பனிக்காலத்தில் என் உள்ளங்கை எப்படி வெடிக்கும் என்று உனக்குத் தெரியும். வறண்ட குளத்துத் தரை தோற்றது. போதாததற்கு நாள் முழுக்க நீ வரைந்து கொடுத்த பேட்டரிப் பிளக்கைச் செருகி உருவி, செருகி உருவி, வெடிப்பில் ரத்தம் எட்டிப் பார்த்துவிட்டது. சாப்பாட்டுப் பையில் எண்ணெய்ப் புட்டி வைத்திருக்கிறேன். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் இரண்டு கையிலும் வழிய வழியத் தேய்த்துக்கொண்டுதான் பன்னிரண்டு நாளும் வேலை பார்த்தேன். நேற்று சோடாபுட்டி மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீ ஊர் மாறிப் போன பிறகு அளவெடுக்கச் சேர்ந்த பெண். கண்ணாடி இரண்டு விரல் கனம், அதனால் அந்தப் பேர். வந்தவள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மேசையைச் சுற்றினாள். “யாருக்கா இங்க உக்காந்து தலை வாரினது?” என்று கேட்டாள். கூடமே சிரித்தது. எனக்குத்தான் காது இல்லையே, எல்லாருடைய பல்லையும் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. நானும் என் பல்லைக் காட்டி வைத்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஐயாயிரம் முறை முடிந்தது. தேறியது. ஐந்நூறுக்கு ஒரு தரம் அளந்தாள், ஒரு தரம்கூட முகம் சுளிக்கவில்லை. உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு போட்டது போட்டபடி பளபளக்கிறது. ஆரம்பத்தில் முரண்டு பிடித்த பிளக், இரண்டாம் நாளிலிருந்து வாழைப்பழத்தில் ஊசி இறங்குவது போல இறங்கியது.

“மெஷின் நேரா செருகும் சார், மனுசன் கோணலாத்தான் செருகுவான், எங்கக்கா கை மாதிரி கோணல் கை எங்கேயும் கிடைக்காது” என்று மேனேஜர் சரிசரியிடம் சொல்லி இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தாயே. நான் வாழ்க்கையில் வாங்கிய ஒரே பட்டம் அதுதான்.

ஃபோன் பண்ணாதே. பிரஸ் மெஷின் பதினெட்டு வருஷம் என் காதைத் தின்று ஏப்பமும் விட்டுவிட்டது. எதிரில் ஆள் இருந்தால் உதட்டைப் பார்த்துக் கேட்டுக்கொள்வேன். ஃபோனுக்கு ஏது உதடு?

இங்கே என் காது தவிர எல்லாம் நலம். உன் மாமா குறட்டையும் நலம். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் நலமும் மாமா நலமும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை நடைபாதையில் நின்றபடியே பிரித்தேன். எப்போதும் போலக் கதையையெல்லாம் தாண்டி எண்ணைத் தேடினேன். “ஐயாயிரம். தேறியது.” அங்கேயே மடித்துப் பையில் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. மீதியை ஓய்வாகப் படிப்பேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த பிளக்கைப் பற்றி முடிவெடுத்த கூட்டத்தில் எல்லாரும் வெளியிலிருந்து பிளக் வாங்கிப் போட்டுவிடலாம் என்றார்கள். நான் ஒருவன்தான் நாமே செய்யலாம் என்றேன். நாற்பது கடைகளில் சார்ஜ் அலமாரி வரப்போகிறது. சாமான் கொண்டுபோகிற ஸ்கூட்டர்காரர்கள் தீர்ந்த பேட்டரியை அலமாரி அறைக்குள் தள்ளிவிட்டு, நிறைந்ததை உருவிக்கொண்டு போவார்கள். ஒரு அறையில் ஒரு நாளைக்கு இருபது முறை. இது தவறினால் தவறுவது என் பெயர் மட்டும்தான். உன் ஐயாயிரத்தை நம்பித்தான் சரிசரி கையெழுத்துப் போட்டார்.

பிளக்கில் குட்டையாக ஒரு ஊசி இருக்குமே, கவனித்தாயா? அது என் செல்லம். செருகும்போது எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொடும், உருவும்போது முதலில் விலகும். அது விலகியதுமே அலமாரி மின்சாரத்தை நிறுத்திவிடும். அதற்குப் பிறகுதான் பெரிய ஊசிகள் பிரியும். அதனால் பொறி பறக்காது.

முதல் கடையில் ஒத்திகைக்கு மட்டும் ஒரு மாதிரி அலமாரி வைத்திருக்கிறோம். அங்கே வேலை பார்ப்பவருக்கு என் வயதுதான் இருக்கும். எல்லாரும் மீசை என்றே கூப்பிடுகிறார்கள். அப்படி ஒரு மீசை. மேலுதடும் தெரியாது, கீழுதடும் தெரியாது. டீ குடித்தால் வடிகட்டிக் குடிப்பது போல இருக்கும். பேட்டரியைக் கையால் வைத்து முழங்காலால் ஒரு உதை விடுகிறார். “அண்ணே, அது பிளக், கதவு இல்ல” என்றேன். “கதவா இருந்தா மெதுவா சாத்தியிருப்பேனே” என்றார். இந்த ஊரில் என்னோடு பேசுகிற ஒரே மனிதர்.

தம்பி


பிப்ரவரி 16

என் அன்புத் தம்பிக்கு,

நீ என் கதையைத் தாண்டிப் போவது எனக்குப் புதிதா? ஐந்தாம் வகுப்பில் நான் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சுக்கே என் மேல் பாசம் வந்துவிட்டது. மூன்றாம் வருஷம் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய், உன்னைப் பார்த்து எழுதினேன், நீ தேறினாய், நான் தேறவில்லை. அன்றைக்குத் தாண்டிப் போனவன்தானே.

குட்டி ஊசியைப் பார்த்தேன். கடைசியில் வந்து முதலில் கிளம்புகிறவர்களை எங்கள் கூடத்தில் வேறு பெயர் சொல்லித் திட்டுவோம். உன் ஊசி என்பதால் விட்டுவிடுகிறேன்.

இங்கே நாங்கள் பேட்டரிப் பக்கத்துப் பிளக்கை மாப்பிள்ளை என்றும் அலமாரிப் பக்கத்ததைப் பொண்ணு என்றும் சொல்கிறோம். அந்தக் கணக்கில் ஒரே மாப்பிள்ளையை ஐயாயிரம் தரம் பெண் வீட்டுக்கு அனுப்பி, ஐயாயிரம் தரம் திரும்பக் கூட்டிவந்திருக்கிறேன். எந்தத் தரகரும் பார்க்காத வேலை. உன் மாமாவிடம் சொன்னேன். “ஒரு தடவை போனதுக்கே நான் இந்தப் பாடு படறேன்” என்கிறார். வாய் கொஞ்ச நீளமா?

உன் மீசைக்காரரை மட்டும் என் எதிரில் கொண்டுவந்து நிறுத்திவிடாதே. உதடு தெரியாத மனிதரிடம் நான் என்ன பேசுவது? அவர் நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் எனக்குப் புதருக்குள் எலி ஓடினது போலத்தான் தெரியும். நான் கேட்டதாகச் சொல். மீசையை ஒரு விரற்கடை வெட்டினால் நேரில் வந்து கும்பிடு போடுவதாகவும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். இருமல் வந்தால் மாத்திரை போடு, வீம்பு போடாதே.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மூன்று மாதமாக எழுதவில்லை, மன்னித்துவிடு. ஏப்ரல் நடுவில் நாற்பது அலமாரிகளும் ஓட ஆரம்பித்தன. காலை ஒரு கடை, மாலை ஒரு கடை என்று சுற்றுகிறேன். அறைக்கு வந்தால் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பிருப்பதில்லை. கீழே பாத்திரக் கடை, மேலே நான். படுக்கை, ஒரு நாற்காலி, ஜன்னலுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான் என் உலகம்.

நீ சொன்னதை மீசையிடம் சொன்னேன். அரை நிமிஷம் யோசித்துவிட்டு, “அக்கா வர்ற தேதிய சொல்லுங்க, அன்னிக்கு வெட்டிக்கறேன், இப்பவே எதுக்கு வீணா” என்றார்.

அவர் ஒன்று சொல்கிறார், என்னவென்று பிடிபடவில்லை. ஏழாம் அறையிலிருந்து உருவுகிற பேட்டரியின் பிளக் சுடுகிறதாம். “தம்பி, இதுக்குக் காய்ச்சல் அடிக்குது, நெத்திய தொட்டுப் பாருங்க” என்கிறார். தொட்டேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பிளக்காக இருக்க முடியாது. அது ஐயாயிரம் முறை தாங்கியது, இங்கே இன்னும் ஆயிரம்கூட ஆகவில்லை. காற்றாடி சரியில்லை என்று நினைக்கிறேன். மாற்றச் சொல்லி எழுதிவிட்டேன்.

மாமாவுக்கு வணக்கம்.

தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பி,

காய்ச்சல் என்றால் கஞ்சி கொடு, பேட்டரியாக இருந்தால் என்ன. என் பிளக்கைச் சந்தேகப்படாமல் காற்றாடியைச் சந்தேகப்பட்டாய் பார், அங்கேதான் நீ என் தம்பி. இதை வேலை செய்கிற இடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். சோடாபுட்டியிடம் இரண்டு தரம் சொன்னேன்.

நான் பரிசோதித்த அந்தப் பிளக்கைச் சரிசரி கண்ணாடிப் பெட்டியில் போட்டு அவர் மேசையில் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். காட்டும்போது என்னையும் கூப்பிட்டு நிறுத்தி, என் கையையும் காட்டுகிறார். அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடு நிற்பது போல நின்றுவிட்டு வருவேன்.

வெயில் காலம், அதனால் கை வெடிப்பு இல்லை. உன் மாமா பல் ஒன்று பிடுங்கிக்கொண்டார். வேறு செய்தி இல்லை. உன் செய்தியை மூன்று மாதம் ஊறவைக்காமல் எழுது.

அக்கா


ஜூலை 22

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீசை நன்றாக இல்லை.

போன வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஏழாம் அறையிலிருந்து புகை வந்திருக்கிறது. பிளக் உருகி, உள்ளே இருந்த பேட்டரி பற்ற ஆரம்பித்துவிட்டது. அலமாரியில் இன்னும் இருபத்து மூன்று பேட்டரிகள். வாசலில் ஆறேழு ஸ்கூட்டர்காரர்கள். எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். மீசை மட்டும் அதைக் கையால் உருவி எடுத்து, மார்போடு அணைக்காமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நடுத்தெரு வரைக்கும் நடந்து போய்க் கீழே வைத்திருக்கிறார். ஓடினால் யார் மேலாவது மோதிவிடுவோம் என்று நடந்தாராம். பிடி அவர் கையிலேயே உருகி ஒட்டிவிட்டது.

மற்ற அறைகள் தப்பித்தன. தெரு தப்பித்தது. அவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். விரல்கள் மடங்காது என்றும் சொல்கிறார்கள்.

ஏழாம் அறையின் பிளக்கைத் திறந்து பார்த்தேன், அக்கா. உருகாமல் மிச்சமிருந்த இடத்தில் வெள்ளி இல்லை. தேய்ந்து அடிச் செம்பு கறுத்துக் கிடக்கிறது. பக்கத்து அறைகளிலும் அப்படியே. ஆயிரத்துத் தொள்ளாயிரம் முறைகூட ஆகவில்லை. வெள்ளி போனதால் சூடு, சூட்டால் தீ. அவ்வளவுதான். நாற்பது கடைகளையும் நிறுத்திவிட்டோம்.

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் காற்றாடி என்றேன்.

ஒன்று கேட்கிறேன், யோசித்து எழுது. அந்தப் பன்னிரண்டு நாளில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா? எண்ணிக்கை தவறியதா? பிளக்கை மாற்றினீர்களா? எதுவாக இருந்தாலும் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 3

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் மாமாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அப்படியே நாலு தரம் கைமாறியது.

யோசித்தேன். விரல் விட்டு யோசித்தேன். எதுவும் நடக்கவில்லை, தம்பி. பத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு, நூறுக்கு ஒரு வட்டம். பலகை இன்னும் இருக்கிறது, திரும்பவும் எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. பிளக்கை மாற்றவில்லை. நீ சொன்னபடி கோணலாகத்தான் செருகினேன், நேராகச் செருக எனக்கு வரவும் வராது. நான் எதிலும் கள்ளத்தனம் செய்யவில்லை. உன் மேல் ஆணை என்று எழுத நினைத்தேன், அந்த ஆணை உனக்கு ஆகாமல் போய்விடுமோ என்று விட்டுவிட்டேன்.

மீசைக்காரருக்கு யார் சோறு ஊட்டுகிறார்கள்? அவர் மனைவி வேலைக்குப் போகிறவளா? மீசையை வெட்டச் சொன்னதை மறந்துவிடச் சொல். வளர்த்துக்கொள்ளட்டும். எனக்கு என்னவோ போல இருக்கிறது.

நீ சாப்பிடு. உன்னைக் குறை சொல்கிறவன் எவனாக இருந்தாலும் என் விலாசத்தைக் கொடு.

அக்கா


ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

நலம்தான்.

மீசைக்கு அவர் மனைவி காலையில் ஊட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள். மதியம் நான் போகிறேன். முதல் நாள் வாயைத் திறக்க மாட்டேன் என்றார். “நீங்க ஊட்டினா நான் என்ன கைக்குழந்தையா?” என்றார். பிறகு திறந்தார். இப்போதெல்லாம் நான் தாமதமாகப் போனால் திட்டுகிறார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லிவிட்டால் தேவலை.

தினமும் ராத்திரி நானே உட்கார்ந்து பிளக்கைச் செருகி உருவுகிறேன். உன்னைப் போலவே, கோணலாக. மூன்று பிளக் முடித்துவிட்டேன். முதலாவது ஆயிரத்து எழுநூறில் வெள்ளி போனது. அடுத்தது ஆயிரத்து எண்ணூற்றைம்பது. அதற்கடுத்தது ஆயிரத்து அறுநூறைக்கூடத் தாண்டவில்லை. இங்கே இன்னும் இரண்டு பேரைச் செய்யச் சொன்னேன், அவர்களுக்கும் அதே கதை.

நீ செய்தது மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் புதுப் பிளக் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம் தெரியாமல் இதை விட்டுவிட்டால் நான் இனி எதையும் வரைய மாட்டேன். வரைய எனக்குத் தைரியம் வராது.

உன் கையில் அப்படி என்னதான் இருக்கிறது, அக்கா?

தம்பி


செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் ஒரு வாளி, வெளியே ஒரு வாளி. வெளியில் இருப்பதைவிட உள்ளே இருப்பது சீக்கிரம் நிறைகிறது. உன் மாமா ஓட்டின் மேல் ஏறினார், பிறகு இறங்கினார்.

தொழிற்சாலையில் ஒரு புது விதி வந்திருக்கிறது. பரிசோதனை மேசையில் உட்காருகிறவர்கள் ஸ்பிரிட்டால் கை துடைத்துவிட்டு, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் பிளக்கைத் தொட வேண்டும். வெளியிலிருந்து ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போட்ட விதி. கல்யாண பேண்டு வாசிக்கிறவர்கள் மாதிரி இருக்கிறோம். எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டோம். சோடாபுட்டி என் முகத்துக்கு நேரே வந்து உதட்டை அசைத்து அசைத்துச் சொன்னாள். “கையில இருக்கிற எண்ணெய்ப்பசை உள்ள போச்சுன்னா வெள்ளி தேயாதுக்கா. அஞ்சாயிரம் என்ன, பத்தாயிரம் போனாலும் தேயாது. பரீட்சையில பார்த்தெழுதி பாஸ் ஆன மாதிரி. வெளிய போனா பெயில்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பார்த்தெழுதியும் பெயிலானவள் நான் ஒருத்திதான் என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். சோடாபுட்டி மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான் விஷயம். எழுத வேறொன்றும் இல்லை.

மீசைக்காரரை மழையில் வெளியே விடாதே.

அக்கா


நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமா பத்திரமாக இறங்கியது அறிந்து மகிழ்ச்சி.

அறிக்கை முடிந்துவிட்டது. “வெள்ளிப் பூச்சின் கனத்தை வடிவமைத்தவர் தவறாகக் கணித்தார்” என்பதுதான் காரணம். நானே எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். சரிசரி படித்துவிட்டுச் சரி சரி என்றார். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டேன். வேறு இடத்துக்கு மனு போடவில்லை, போடுவதாகவும் இல்லை. பென்சில்களைக் கீழ்க்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். கணக்கெழுதுகிறார்.

பொழுது நிறைய இருக்கிறது. உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து, இந்த முறை கதைகளைத் தாண்டாமல், முதல் கடிதத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்தேன். நன்றாக எழுதுகிறாய், அக்கா. அப்போதே படித்திருக்க வேண்டும்.

பிளக் விஷயத்தை இனி யாரிடமும் பேச வேண்டாம். அது முடிந்துபோனது.

பனி தொடங்கிவிட்டதே, உள்ளங்கை வெடிப்பு எப்படி இருக்கிறது?

தம்பி


ஜனவரி 17

தம்பி,

நீ நலமா என்று கேட்க வாய் வரவில்லை. உன் அறை பூட்டியிருக்கிறது. நேற்று காலை பஸ் ஏறி, இன்று உன் ஊரில் இருக்கிறேன். கீழ்க்கடைக்காரர் உன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டிருந்தார். “காலி பண்ணி ஒரு மாசமாச்சும்மா. எங்க போறேன்னு சொல்லல. லெட்டர் வந்திருக்கான்னு கேக்க மட்டும் எப்பவாச்சும் வருவாரு” என்றார். சுத்தமாக மழித்த முகம், ஒரு சொல்கூடத் தவறாமல் புரிந்தது. இந்தக் கடிதத்தை அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன். நீ கேட்டு வருவாய் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

என் வெடிப்பைப் பற்றி நீ கேட்டாய். ஐம்பது வருஷத்தில் நீ அதைக் கேட்டதே இல்லை. படித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, உனக்குத் தெரிந்துவிட்டது என்று. கையுறைக் கதையை எழுதினபோது நீயே புரிந்துகொள்வாய், நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அது பயந்தாங்கொள்ளி வேலை. இப்போது வாய்விட்டே எழுதுகிறேன். எண்ணெய், தம்பி. என் கை எண்ணெய். அது உள்ளே போய்த்தான் உன் பிளக் தேறியது. என் கோணல் கையை நம்பி நீ நாற்பது கடைக்குப் போனாய்.

சரிசரியிடம் போய்ச் சொன்னேன், போன மாதமே. நாலு நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், நின்றுகொண்டே முழுக்கச் சொன்னேன். தம்பி மேல் தப்பில்லை, அறிக்கையைத் திருத்தி எழுதுங்கள் என்றேன். அவர் “சரி, சரி” என்றார். அதைப் புரிந்துகொள்ளக் காதும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். கண்ணாடிப் பெட்டியை மேசையிலிருந்து எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். “ரிப்போர்ட் முடிஞ்சதும்மா, இதை திரும்ப தொறந்தா எல்லாருக்கும் தலைவலி. உங்களுக்கும்தான். போய் வேலைய பாருங்க” என்றார். போய் வேலையைப் பார்த்தேன். கையுறை போட்டுக்கொண்டு.

நீ உன் குட்டி ஊசி மாதிரியே செய்துவிட்டாய். எங்களுக்குப் பொறி படக்கூடாது என்று முதலில் கழன்றுகொண்டாய். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு எரிகிறது.

கீழ்க்கடைக்காரரிடம் வழி கேட்டு மீசைக்காரர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரே அறை. கதவு சாத்தவில்லை, அவரால் தாழ்ப்பாளைத் திறக்க முடியாதாம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள், ஆறு மணிக்குத்தான் வருவாளாம், அப்படி ஒரு சீட்டு கதவில் ஒட்டியிருந்தது. நான் யார் என்று சொன்னேன். அவர் எழுந்து நின்றார். உன்னைவிட ஒல்லியாக இருக்கிறார். விரல் மடங்காமல் கத்தரி பிடிக்க முடியாதே, மீசை இன்னும் வளர்ந்து வாய் இருக்கும் இடமே தெரியவில்லை. வெட்டுவதற்கு அவரும் யாரையும் விடவில்லை போலிருக்கிறது.

அவர் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பனி, வெடிப்பு, எண்ணெய்ப் புட்டி, ஐயாயிரம், சுண்ணாம்புக் கோடு. உங்கள் கை போனது என் கையால்தான் என்றேன். என் தம்பி உங்களுக்குச் சோறு ஊட்டியதெல்லாம் நான் ஊட்டியிருக்க வேண்டியது என்றேன். உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

நான் முடித்த பிறகு அவர் பேசினார்.

நிறையப் பேசினார், தம்பி. மீசை ஏறி இறங்கியது. நடுவில் ஒரு தரம் நிறுத்தி, ஜன்னலைப் பார்த்து, திரும்பவும் பேசினார். கண்ணில் தண்ணீர் வந்தது, கோபமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. ஒரு சொல்லாவது பிடிபடுமா என்று கிட்டத்தில் போய், அவர் வாய்க்கு நேராக என் கண்ணை வைத்துப் பார்த்தேன். மீசைதான் தெரிந்தது. “எனக்குக் காது கேக்காதுங்க, எழுதிக் காட்டுங்க” என்று பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டிவிட்டேன். நீட்டின பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. அவர் இரண்டு கையையும் மடியிலிருந்து தூக்கி எனக்குக் காட்டினார்.

அவர் மனைவி வரும்வரை காத்திருந்தால், அவளிடம் திரும்பச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அவள் உதடு எனக்குப் புரிந்திருக்கும். மணி மூன்றுகூட ஆகவில்லை. எனக்கு நாலு மணிக்கு பஸ் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ஏழு மணிக்கும் ஒரு பஸ் இருக்கிறது.

அவர் என்ன சொன்னார் என்று உன்னிடம் சொல்வார். நீ ஒரு நடை போய்க் கேள். கேட்டு எனக்கு எழுது. எழுதக்கூடியதாக இல்லாவிட்டால் எழுதாதே, வெறும் காகிதத்தை மடித்து அனுப்பு, விலாசத்தில் உன் கையெழுத்து இருந்தால் போதும்.

மாமா என்னைத் தாங்குகிறார். நீ எங்கே இருந்தாலும் சாப்பிடு.

அக்கா

பின்குறிப்பு: கீழ்க்கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதி முடித்துவிட்டுக் கீழே பார்த்தேன். ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் மீசைக்காரருடையது. இரண்டுமே இடது கால். அவருடையது இரண்டு விரல் நீளம் அதிகம், மற்றபடி நடக்க முடிகிறது. அவர் வாசலில் இப்போது இரண்டு வலது கால் செருப்பு இருக்கும்.